எல்லாரும் ‘மிக நன்று’ன்னு டிக் போட்டா என்ன பண்றது?

வராண்டா | 3 ஜூன், இரவு 9:12

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒண்ணுல தரப்பிரிவு வேலை. மாசாமாசம் உள்நோயாளிகள்கிட்ட திருப்திப் படிவம் வாங்கறோம். ‘மிக மோசம்’ல இருந்து ‘மிக நன்று’ வரைக்கும் அஞ்சு கட்டம். வர்ற படிவம் அத்தனையிலும் கடைசிக் கட்டத்துலதான் டிக். கீழ டீக்கடையில நின்னா அதே ஆளுங்க பேசறது வேற மாதிரி இருக்கு. கருத்துப் பெட்டி ரெண்டு மாட்டியிருக்கோம். மாசத்துக்கு நாலு சீட்டு விழும், அதுல ஒண்ணு மிட்டாய்க் காகிதம். என்.கியூ.ஏ.எஸ். (தேசியத் தரச் சான்று) மதிப்பீட்டுக்கு வர்றவங்ககிட்ட இந்த மார்க்கைக் காட்டிடலாம். ஆனா இதை வெச்சு எதையும் சரி பண்ண முடியலை. கேள்வியை மாத்தணுமா, கேக்கற ஆளை மாத்தணுமா?

மூணாவது மாடி | 3 ஜூன், இரவு 10:05

ரெண்டையும் மாத்தணும். அதுக்கு முன்னாடி நேரத்தை மாத்துங்க.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வர்றதுக்கு முன்னாடி படிவத்தை நீட்டினா அதுக்குப் பேர் கருத்துக் கேக்கறது இல்லை, சுங்கச்சாவடி. டிக் போட்டாத்தான் தாள் வரும்னு நோயாளி நினைப்பார். நீட்டற ஆளு வார்டு இன்சார்ஜ் சிஸ்டரா இருந்தா கேக்கவே வேணாம். அடுத்த மாசம் செக்கப்புக்கு இதே சிஸ்டர் முகத்துலதான் முழிக்கணும்.

அடுத்தது கேள்வி. ‘திருப்தியா?’ன்னு கேட்டா அரசு மருத்துவமனையில ஒரே பதில்தான் வரும். காசு வாங்காம ஆபரேஷன் பண்ணி அனுப்பினவங்களைக் குறை சொன்னா நன்றி கெட்டவன்னு ஆயிடும்னு கூச்சம். அதனால அபிப்பிராயத்தைக் கேக்காதீங்க, நடந்ததைக் கேளுங்க.

‘மருந்து பத்தி விளக்கியது திருப்தியா?’ வேணாம். ‘வீட்டுக்குப் போய் எந்த மாத்திரை எப்ப போடணும்னு யாராவது சொன்னாங்களா? சொன்னாங்க / சொல்லலை / ஞாபகமில்லை’னு கேளுங்க. ‘பெல் அடிச்சா இல்லை கூப்பிட்டா நர்ஸ் வர எவ்வளவு நேரம் ஆச்சு?’ ‘ராத்திரி கக்கூஸ்ல தண்ணி வந்துதா?’ இதுக்கெல்லாம் பதில் சொல்றதுல யாருக்கும் நன்றி கெட்டுப் போகாது.

அமெரிக்காவுல எச்.கேப்ஸ்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு. 2008-லிருந்து மருத்துவமனை வாரியா முடிவை வெளியிடறாங்க. அதுல பெரும்பாலான கேள்விக்குப் பதில் ‘எப்பவுமே இல்லை, சில சமயம், வழக்கமா, எப்பவும்’னு இருக்கும். எத்தனை தடவை நடந்ததுன்னு கேக்கறாங்க, பிடிச்சுதான்னு கேக்கலை. வீட்டுக்குப் போய் 48 மணி நேரம் ஆனதுக்கு அப்புறம்தான் கேள்வியே போகும், 6 வாரத்துக்குள்ள கேக்க ஆரம்பிச்சுடணும். கட்டில்ல படுத்திருக்கறவர்கிட்ட நீட்டறது இல்லை.

படிவம் ஒரு பக்கத்துக்குள்ள, 6 கேள்வி, பெரிய எழுத்து. அவ்வளவு போதும்.

மூணாவது மாடி | 3 ஜூன், இரவு 10:20

விட்டுப்போனது: சிரிச்ச முகம், அழுத முகம் படம் போட்ட படிவம் எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு நல்லதுன்னு யாராவது சொல்வாங்க. பாட்டிங்க எல்லாம் எந்த முகம் அழகா இருக்கோ அதுல கைநாட்டு வெப்பாங்க. வாய்விட்டுக் கேட்டு நீங்க எழுதிக்கறதுதான் சரி.

நைட் டியூட்டி | 4 ஜூன், காலை 7:50

வார்டு சிஸ்டருங்க எல்லாம் மிரட்டி டிக் வாங்கற மாதிரி எழுதியிருக்கீங்க சார். படிவக் கட்டை எங்ககிட்ட குடுத்து ‘மாசக் கடைசிக்குள்ள முப்பது வேணும்’னு சொல்றது யாரு? நாப்பது பெட்டுக்கு ராத்திரி ரெண்டு பேர். ட்ரிப் பார்க்கறதா, படிவம் நிரப்பறதா? 30ஆம் தேதி சாயந்திரம் ஒரே பேனாவுல முப்பதும் நிரம்பிடும். அதையும் உங்க டேபிள்ல எடுத்துக்கறாங்கல்ல?

மூணாவது மாடி | 4 ஜூன், காலை 8:30

நியாயம். ஒரே பேனா, ஒரே சாய்வு, முப்பது படிவம். எல்லா ஊர்லயும் இருக்கு. வார்டு கையில அந்த வேலையே இருக்கக் கூடாதுன்னுதான் சொல்ல வந்தேன், சொன்ன விதம் தப்பு.

யார் கேக்கலாம்? நர்ஸிங் மாணவிகளை அனுப்பலாம்னு முதல்ல தோணும். யூனிபார்ம்ல போனா அவங்களும் சிஸ்டர்தான். சமூகப்பணி படிக்கற கல்லூரிப் பிள்ளைங்க பரவாயில்லை, ஆனா ‘டாக்டர் நல்லாப் பார்த்தாங்கல்ல?’னு பதிலையும் சேர்த்தே கேப்பாங்க. அரை நாள் பயிற்சி கட்டாயம்: கேள்வியை எழுதினபடியே படிக்கணும், பத்து விநாடி சும்மா இருக்கணும், தலையாட்டக் கூடாது. அந்தப் பத்து விநாடிதான் கஷ்டம்.

கணக்கு வாத்தியார் | 4 ஜூன், மதியம் 1:15

முப்பது படிவம்னு பேச்சு வந்ததால. முப்பது பேர்ல பதினஞ்சு பேர் ‘ஆமா’ன்னா 50 சதவீதம்னு எழுதுவீங்க. சரியான முறையில தேர்ந்தெடுத்த முப்பதா இருந்தாலும் உண்மை 32-லிருந்து 68-க்குள்ள எங்க வேணா இருக்கலாம். போன மாசம் 63, இந்த மாசம் 57, ‘6 சதவீதம் சரிவு’ன்னு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பறது அபத்தம். ரெண்டே பேர் மாத்திச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: மாசா மாசம் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிக்கும் நடு மதிப்பு எடுத்து ஒரு கோடு. தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தா ஏதோ நிஜமா மாறியிருக்கு. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

முப்பது பேரை எப்படி எடுக்கறது: டிஸ்சார்ஜ் ரெஜிஸ்டர்ல வரிசையா ஒவ்வொரு பத்தாவது பேர். ‘நல்லாப் பேசற பேஷண்ட்’டைத் தேடிப் போகக் கூடாது.

வராண்டா | 4 ஜூன், இரவு 9:40

போன் பண்ணிக் கேக்கலாம்னு முடிவு. எத்தனையாவது நாள், எந்த நேரம்?

மூணாவது மாடி | 4 ஜூன், இரவு 11:02

நாள்: நேத்து 48 மணி நேரம்னு எழுதினேன், அது அங்க உள்ள குறைந்தபட்சக் கெடு. நமக்கு மூணாம் நாள் சீக்கிரம். ஆபரேஷன் பண்ணினவங்க வலியிலயே இருப்பாங்க, வீட்டுக்கு ஆளுங்க பார்க்க வந்துட்டே இருப்பாங்க. ஏழாவது நாள் வெச்சுக்கோங்க. ரெண்டு வாரம் தாண்டினா தேதி, நேரம் எல்லாம் மறந்துடும், ‘நல்லாப் பார்த்தாங்க’ மட்டும் மிஞ்சும்.

நேரம்: காலை பதினொரு மணிக்குப் பண்ணினா நூறு நாள் வேலைக்குப் போனவங்க, கூலிக்குப் போனவங்க யாரும் எடுக்க மாட்டாங்க. சாயந்திரம் ஆறரைல இருந்து எட்டு. பாதிப் பேருக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு வெச்சுக்கிட்டு முப்பது பதிலுக்கு எழுபது பேர் கொண்ட பட்டியல் போடுங்க. ஒருத்தருக்கு மூணு முயற்சி, மூணும் வேற வேற நாள். முதல் முயற்சியில எடுத்தவங்களை மட்டும் எண்ணினா வீட்டுலயே இருக்கறவங்க கருத்துதான் வரும்.

பெரிய ஓட்டை: சீட்டுல இருக்கற நம்பர். சேர்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், திருப்பூர்ல வேலை பார்க்கற மகன் நம்பர், ஆம்புலன்ஸ்ல கூட வந்தவர் நம்பர்னு எது வேணா இருக்கும். மத்திய அரசோட ‘மேரா அஸ்பதால்’ திட்டம் 2016-ல வந்தது. குறுஞ்செய்தி, தானியங்கி அழைப்பு, செயலி, இணையதளம்னு நாலு வழியில கேக்கும். எல்லாமே நீங்க பதிவு பண்ற நம்பரை நம்பித்தான். ஓ.பி. கவுண்டர்ல பத்து இலக்கம் இருக்கணும்னு மட்டும் பார்த்தா 9999999999 வரிசையா விழும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு ‘ஏழு நாள் கழிச்சு ஒரு போன் வரும், எந்த நம்பருக்குப் பண்ணட்டும்?’னு ஒரு வரி கேட்டு எழுதிக்கோங்க. போன் வரும்போது ‘யாரு, லோன் ஆபீஸா?’ன்னு வெக்காம இருக்கறதுக்கும் அது உதவும்.

பிரசவ வார்டுக்குப் பண்ணினா மாமியார் எடுப்பாங்க. பதிலும் மாமியார் பதில்தான். ‘அவங்ககிட்ட குடுங்கம்மா, குழந்தைக்குத் தடுப்பூசி விஷயமா’ன்னு பொய் சொல்லிக் கேக்காதீங்க. நேராச் சொல்லி, சம்மதம் வாங்கி, தாய் பேசட்டும்.

வராண்டா | 5 ஜூன், காலை 10:10

பிரசவ வார்டுன்னதும் ஞாபகம் வருது. மத்திய அரசோட லக்ஷ்யா திட்டத்துல 80 சதவீதம்னு ஒண்ணு இருக்கே.

மூணாவது மாடி | 5 ஜூன், இரவு 8:45

அதுவேதான் கண்ணி. 2017 டிசம்பர்ல வந்த திட்டம். பிரசவ அறைக்கும் பிரசவ ஆபரேஷன் தியேட்டருக்கும் தரச் சான்று வாங்கணும், வெச்ச இலக்குல முக்கால் பங்கு எட்டணும், 80 சதவீதம் பேர் திருப்தின்னு சொல்லணும். மருத்துவக் கல்லூரிக்கு 6 லட்சம், மாவட்ட மருத்துவமனைக்கு 3 லட்சம் ஊக்கத்தொகை. மார்க்குக்குப் பின்னாடி காசு கட்டிட்டா மார்க் வந்துடும். பிரசவ அறையில தொடையில அடிக்கறது, ‘அப்ப தெரியலையா வலிக்கும்னு?’னு பேசறது இதெல்லாம் எந்தக் கட்டத்துலயும் விழாது.

அதனால ரெண்டு தாள் வெச்சுக்கோங்க. மேல அனுப்ப ஒண்ணு, விதிப்படி. வார்டை சரி பண்ண இன்னொண்ணு, எந்த மார்க்கும் இல்லாதது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுக்காரங்க கேட்டா ரெண்டையும் காட்டுங்க. உருப்படியான ஆளா இருந்தா ரெண்டாவதைத்தான் புரட்டிப் பார்ப்பார்.

நைட் டியூட்டி | 5 ஜூன், இரவு 11:30

அடிக்கறது நடக்குது, மறுக்கலை. ஆனா ‘நர்ஸ் திட்டினார்’னு சீட்டு வந்தா அன்னிக்கு டியூட்டி சார்ட்டை எடுத்து யாருன்னு கண்டுபிடிச்சு எல்லார் முன்னாடியும் நிக்க வெப்பாங்க. அடுத்த வாரம் பெட்டிக்கு முன்னாடி ஸ்க்ரீன் ஸ்டாண்டு வந்து நின்னுடும். பெட்டி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

மூணாவது மாடி | 6 ஜூன், காலை 6:55

இந்த இழையிலயே இதுதான் பெரிய விஷயம். மூணு வழியாப் பிரிச்சுடணும்.

கருத்து: ஆள் பேர் இல்லாதது. தண்ணி, காத்திருப்பு, சாப்பாடு, தகவல். நேரா வார்டு கூட்டத்துக்குப் போகும். ஊழியர் பேர் எழுதியிருந்தா தட்டச்சு பண்ணும்போதே எடுத்துடணும்.

குறை: குறிப்பிட்ட நோயாளி, குறிப்பிட்ட சம்பவம். பதிவெண் குடுக்கணும், எழுத்துல பதில் சொல்லணும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல தயாரிச்ச நோயாளர் உரிமைச் சாசனத்துல 17 உரிமை. கடைசி உரிமை இதைப் பத்தினது. எழுத்துப்பூர்வமா 15 நாளுக்குள்ள பதில்னு அதுல இருக்கு.

காசு: ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தையைக் காட்ட, பிணவறையில கேக்கற லஞ்சம். இது வாரம் ஒரு தடவை பெட்டி திறக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நோயாளி இன்னும் கட்டில்ல இருக்கும்போதே தெரிஞ்சா அவர் பேர், பெட் நம்பர் வார்டுக்குப் போகாம உறையில போட்டு நேரா கண்காணிப்பாளர் கைக்கு. விசாரிக்கறவர் வார்டுக்கு வந்து ‘யாருப்பா கம்ப்ளெய்ண்ட் குடுத்தது?’னு கேட்டார்னா அந்த வருஷம் முழுக்க இன்னொரு சீட்டு விழாது.

நைட் டியூட்டி சொன்ன ஸ்க்ரீன் ஸ்டாண்டுக்கு மருந்து: பெட்டியை நர்ஸ் மேஜைக்கு எதிர்ல மாட்டாதீங்க. மருந்து வாங்கற வரிசை பக்கம், இல்லைன்னா குடிதண்ணிக் குழாய் பக்கம். நெஞ்சு உயரம். ரெண்டு பூட்டு, ரெண்டு பேர்கிட்ட சாவி, அதுல ஒருத்தர் வார்டு ஆளா இருக்கக் கூடாது. வாரம் ஒரு நாள், குறிச்ச நேரத்துல திறந்து, காலியா இருந்தாலும் ‘0’ன்னு ரெஜிஸ்டர்ல எழுதணும். மிட்டாய்க் காகிதத்தை எண்ண வேணாம்.

வராண்டா | 8 ஜூன், இரவு 9:05

‘கக்கூஸ் சுத்தமில்லை’. ஆரம்பிச்ச நாள்ல இருந்து போன்லயும் சீட்டுலயும் இதுதான் முதல் இடம். துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. என்ன வித்தியாசம் வரும்னு தெரியலை.

மூணாவது மாடி | 8 ஜூன், இரவு 10:40

ஒண்ணும் வராது. ‘சுத்தமில்லை’ங்கறது அஞ்சாறு விஷயத்துக்கு ஒரே சொல். தாழ்ப்பாள் உடைஞ்சது, பல்பு இல்லை, மக்கைச் சங்கிலியால கட்டியிருக்கு, தண்ணி வரலை, ஒரு கோப்பை அடைச்சிருக்கு. அடுத்த கேள்வி எப்பவுமே ‘எத்தனை மணிக்கு?’

அடிக்கடி பார்க்கற முறை இது. மேல்நிலைத் தொட்டிக்குக் காலையில ஆறு மணிக்கு மோட்டார் போடுவாங்க. எட்டு மணிக்குக் கழுவி விட்டா பளபளன்னு இருக்கும். ரவுண்ட்ஸ் வர்றவங்க பார்க்கறது அதைத்தான். பதினொண்ணுக்கு மேல கூட இருக்கறவங்க துணி துவைப்பாங்க, பாத்திரம் கழுவுவாங்க. ரெண்டு மணிக்குத் தொட்டி காலி. அடுத்த மோட்டார் நாலரைக்கு. அந்த ரெண்டரை மணி நேரத்துல போறவங்க எல்லாம் தண்ணி இல்லாமப் போயிட்டு வர்றாங்க. திட்டு வாங்கறது துப்புரவுப் பணியாளர். ஒரு மணிக்கு இன்னொரு தடவை மோட்டார் போட்டா புகார் பாதியாக் குறையும், அதுக்குக் கூட்டம் போட்டுப் பேச வேணாம். தொட்டிக்கு மிதவை ஸ்விட்ச் போட்டா ஞாபகம் வெச்சுக்கவே வேணாம்.

செய்ங்க: கக்கூஸ் கதவுக்கு வெளியில ஒரு அட்டை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், தண்ணி / பல்பு / தாழ் மூணும் இருக்கான்னு மூணு நாள் குறிங்க. குறிக்கறவர் கழுவறவரா இருக்கக் கூடாது.

நைட் டியூட்டி | 9 ஜூன், காலை 7:20

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம்னா காலையில ஒரே மூச்சுல பன்னெண்டும் டிக் ஆயிடும். எல்லா அட்டைக்கும் அதான் விதி. நோயாளிக்குத் துணையா கூட இருக்கறவங்கள்ல ஒருத்தர்கிட்ட குடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வராண்டாவுல முழிச்சுக்கிட்டு இருக்கறது அவங்கதான்.

மூணாவது மாடி | 9 ஜூன், காலை 8:00

என் யோசனையை விட இது மேல். அட்டை போட்ட பாவத்துக்கு நான் டீ வாங்கித் தரேன்.

கணக்கு வாத்தியார் | 9 ஜூன், இரவு 9:30

ஓ.பி. காத்திருப்புக்கும் இதே மாதிரி செய்யலாம். திங்கள்கிழமை வர்ற ஐம்பது பேருக்கு ஒரு அட்டை: பதிவு, டாக்டர், லேப், ரிசல்ட், மருந்து. அஞ்சு இடத்துலயும் நேரம் எழுதணும். ரெண்டு எச்சரிக்கை. சுவர்க் கடிகாரம் ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டும், செல்போன் நேரம்தான் எழுதணும்னு சொல்லிடுங்க. சராசரி எடுக்காதீங்க: நாலு மணி நேரம் நின்ன ஒருத்தர் எல்லாத்தையும் இழுத்துடுவார். வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறதை எடுங்க, கூடவே மோசமான அஞ்சு அட்டையைத் தனியாப் படிங்க. எல்லாரும் டாக்டர் லேட்னு சொல்வாங்க. அட்டையில பார்த்தா மருந்து வரிசையும், ரிசல்ட் வாங்க ரெண்டாம் தடவை நிக்கற வரிசையும்தான் நேரத்தைத் தின்னிருக்கும்.

வராண்டா | 12 ஜூன், இரவு 8:20

நோயாளர் நலச் சங்கத்துல நோயாளிப் பிரதிநிதி ஒருத்தர் வேணும்கறாங்க. யாரைப் போடறது?

மூணாவது மாடி | 12 ஜூன், இரவு 10:15

பேர் குடுக்கச் சொன்னா ஒப்பந்ததாரரோட மச்சான் வருவார். இல்லைன்னா பொன்னாடை போர்த்திக்க ஒரு பிரமுகர்.

டயாலிசிஸ் நோயாளிகளைக் கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எந்த ஃபேன் சத்தம் போடும், எந்த ஷிப்ட்ல மெஷின் துடைக்காம விடறாங்க, லிஃப்ட் எந்தக் கிழமை நிக்கும், எல்லாம் தெரியும். அடுத்தது மாசா மாசம் சர்க்கரை மாத்திரை வாங்க வர்றவங்க, அப்புறம் ரத்தம் ஏத்த வர்ற தலசீமியாக் குழந்தைகளோட அம்மாக்கள். ஒருத்தரைப் போடாதீங்க, ரெண்டு பேர். பத்து அதிகாரிக்கு நடுவுல ஒத்தை ஆள் வாயைத் திறக்க மாட்டார். பஸ் காசு, அன்னிக்குப் போற கூலி ரெண்டும் குடுக்கணும். கூட்டத்தை அவர் டயாலிசிஸ் இல்லாத நாள்ல வைங்க, முதல் பொருளே அவருடையதா இருக்கட்டும். கடைசியில வெச்சா டீ, பிஸ்கட் வந்துடும்.

இங்கிலாந்துல பேட், ராபர்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் லூட்டன் நகர மருத்துவமனையில தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவுல ஒரு முறை செஞ்சு பார்த்தாங்க. நோயாளிகளைப் பேச வெச்சுப் படம் எடுத்து, ஊழியர்களும் நோயாளிகளும் ஒண்ணா உக்காந்து பார்த்து, எதை மாத்தறதுன்னு சேர்ந்து முடிவு பண்றது. நமக்குக் கேமரா வேணாம். டாக்டர், சிஸ்டர், நோயாளி மூணு பேரும் கேட்ல இருந்து எக்ஸ்ரே வரைக்கும் சக்கர நாற்காலியோட ஒரு தடவை போய்ட்டு வாங்க. சாய்தளம் எங்க முடிஞ்சு போகுதுன்னு அன்னிக்குத் தெரியும்.

மூணாவது மாடி | 13 ஜூன், காலை 7:05

6 கேள்வின்னு 3ஆம் தேதி எழுதினேன். போன்ல ஆறு ஓடாது. நாலு போதும், அதுல கடைசி: ‘ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?’ அந்தப் பதிலை அவங்க சொன்ன பேச்சுலயே எழுதுங்க. ‘தகவல் தொடர்பில் போதாமை’ன்னு மொழிபெயர்க்காதீங்க. ‘எம் புள்ளைய எங்க தூக்கிட்டுப் போனாங்கன்னு ஒரு மணி நேரம் தெரியல’ன்னு இருந்தா வார்டு கூட்டத்துல எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க.

‘இந்த மருத்துவமனையைச் சொந்தக்காரங்களுக்குப் பரிந்துரைப்பீங்களா?’ன்னு தயவுசெஞ்சு வேணாம். இங்கிலாந்துல 2013-லிருந்து அதைக் கேட்டுட்டு, 2020-ல அவங்களே கேள்வியை மாத்திட்டாங்க. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பறவங்களைப் பார்த்து ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லவே யோசிப்போம். ‘யாருக்கும் வேணாம்ப்பா’ன்னுதான் பதில் வரும். அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?

நைட் டியூட்டி | 13 ஜூன், இரவு 11:50

கேட்டதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு நோயாளிக்குச் சொல்றீங்களா?

மூணாவது மாடி | 14 ஜூன், காலை 6:40

வார்டு வாசல்ல பலகை. மூணு பத்தி: நீங்க சொன்னது, செஞ்சது, முடியாதது ஏன். மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ‘கூட ரெண்டு பேர் இருக்கணும்கறீங்க, நாப்பது பெட்டுக்கு எண்பது பேர் ஆனா நடைபாதை அடைபடும், சாயந்திரம் மட்டும் ரெண்டு பேர்’னு எழுதினா படிக்கறாங்க. ஃப்ளெக்ஸ் அடிக்காதீங்க. ஒரு தடவை அடிச்சா மூணு வருஷம் அதே தொங்கும். கரும்பலகை, சாக்பீஸ், மூலையில தேதி.

வராண்டா | 16 ஜூலை, இரவு 9:25

முதல் மாசம் முடிஞ்சுது. போன்ல 31 பேர். மாத்திரை விளக்கம் ‘சொல்லலை’ பதினாலு. கக்கூஸ் அட்டையில தண்ணி இல்லாதது மதியம் ரெண்டுல இருந்து நாலரை, மூணு நாளும். ஒரு மணி மோட்டார் இப்ப ஓடுது. ஆனா மேல அனுப்பற அறிக்கையில மார்க் இறங்கிடுச்சுன்னு கேக்கறாங்க.

கணக்கு வாத்தியார் | 16 ஜூலை, இரவு 9:50

கேள்வி மாறினா அது புது வரிசை. பழைய புள்ளியோட கோடு இழுக்காதீங்க. ‘முறை மாற்றம், தேதி’ன்னு நடுவுல ஒரு செங்குத்துக் கோடு போட்டு அனுப்புங்க. பதினாலு பேர் விஷயம் ஒரு மாசத்துக் கணக்குதான், ஆனா அதுக்கு ஆறு புள்ளி காத்திருக்க வேணாம். மாத்திரை எப்படிப் போடறதுன்னு பதினாலு பேருக்குத் தெரியாமப் போயிருக்கு.

மூணாவது மாடி | 16 ஜூலை, இரவு 10:30

மாத்திரைக் கவர்ல காலை, மதியம், இரவுன்னு மூணு கட்டம் அச்சடிச்சு, டிஸ்சார்ஜ் பண்ற சிஸ்டர் ‘வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க’ன்னு திருப்பிச் சொல்ல வெக்கட்டும். ஒரு வார்டுல மட்டும், ஒரு வாரம். ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு சிஸ்டரையே குறிக்கச் சொல்லுங்க. அது தெரியாம எல்லா வார்டுக்கும் சுற்றறிக்கை விடாதீங்க.

நைட் டியூட்டி | 17 ஜூலை, காலை 7:30

பெட்டிப் பக்கம் கட்டின பேனா மறுபடியும் காணோம். கயிறு மட்டும் ஆடுது.

மூணாவது மாடி | 17 ஜூலை, காலை 7:45

பென்சிலைப் பாதியா வெட்டிச் சீவி ஒரு டப்பாவுல போட்டுடுங்க.

வராண்டா | 17 ஜூலை, காலை 9:10

பென்சில்ல எழுதினா அழிச்சு மாத்தலாமேன்னு ஆடிட்ல கேப்பாங்க.

நைட் டியூட்டி | 17 ஜூலை, காலை 9:12

வெறும் ரீஃபில் ஒரு கட்டு வாங்கி வைங்க சார். மூடியும் இல்லை, உடம்பும் இல்லை, யாரும் பாக்கெட்ல சொருக மாட்டாங்க.